ஓடும் வண்டியில் நெருப்பு வேண்டாமே! - தாமிரபரணிக் கரையோரம் ஒரு வேன் பயணம்

ஆடி அமாவாசை நெருங்கிவிட்டால் திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் போகும் சாலை களைகட்டிவிடும். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் குடும்பம் குடும்பமாகக் கிளம்புவார்கள். வேனின் தலையில் பாய், தார்ப்பாய், பெரிய அலுமினியப் பாத்திரங்கள். உள்ளே தாத்தா, ஆச்சி முதல் கைக்குழந்தை வரை. கடைசி சீட்டுக்குப் பின்னால், அரிசி மூட்டைக்கும் காய்கறிக் கூடைக்கும் நடுவே, சாக்கு போட்டு மூடிய ஒரு கேஸ் சிலிண்டர்.

குற்றால சீசனிலும், மணிமுத்தாறு, அகஸ்தியர் அருவிக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் இதே காட்சிதான். ‘வெளிச்சாப்பாடு ஒத்துக்காது, குழந்தைக்குப் பால் காய்ச்சணும், பெரியவருக்கு வெந்நீர் வேணும்’ என்று காரணங்கள் நியாயமாகவே இருக்கும். ஆனால், அந்தச் சாக்குக்குள் இருப்பது சாதாரண சாமான் அல்ல.

நெல்லையைக் கடந்து போன அந்தப் பெட்டி

2023 ஆகஸ்ட் 25 அன்று, உத்தரப் பிரதேசத்திலிருந்து ஆன்மிகச் சுற்றுலா வந்தவர்களின் தனி ரயில் பெட்டி, நாகர்கோவிலில் புனலூர் - மதுரை எக்ஸ்பிரஸில் இணைக்கப்பட்டது. அன்று இரவு திருநெல்வேலி ஜங்ஷனைக் கடந்துதான் அது மதுரை சென்றது. விடியற்காலையில் மதுரையில் பெட்டியைக் கழற்றித் தனித் தண்டவாளத்தில் நிறுத்தினார்கள். அதிகாலை 5.15 மணியளவில் உள்ளே தீ பற்றியது. விதியை மீறிப் பெட்டிக்குள் கொண்டுவரப்பட்டிருந்த சிலிண்டர்தான் காரணம் என்று ரயில்வே தெரிவித்தது. ஊர் ஊராகக் கோயில்களைத் தரிசித்து வந்தவர்களில் 9 பேர் வீடு திரும்பவில்லை.

ரயிலில் சிலிண்டர் போன்ற ஆபத்தான பொருளை எடுத்துச் செல்வது ரயில்வே சட்டப்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. இது பலருக்குத் தெரியும். ஆனால் வேன் என்று வரும்போது, ‘நம்ம வண்டிதானே’ என்று நினைத்துவிடுகிறோம்.

நெருப்பால் குளிரும் பெட்டி

‘வெளிநாட்டில் கேரவனிலேயே சமைத்துச் சாப்பிடுகிறார்களே, கேஸில் ஓடும் பிரிட்ஜ்கூட இருக்கிறதே’ என்று கேட்கலாம். உண்மைதான். ஸ்வீடனில் மாணவர்களாக இருந்த வான் பிளாட்டன், முண்டர்ஸ் என்ற இருவர் 1922-ல் உருவாக்கிய முறை அது. சிறிய தீச்சுடர் ஒன்று அம்மோனியா கலந்த நீரைச் சூடாக்கும். பிரிந்து வரும் அம்மோனியா ஆவி மேலே போய்க் குளிர்ந்து திரவமாகும். மறுபடி ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். மோட்டாரும் இல்லை, சத்தமும் இல்லை. வண்டி சமதளத்தில் நின்றால்தான் ஒழுங்காக வேலை செய்யும்.

ஆனால், வண்டி ஓடும்போது? அங்கேயும் பெரும்பாலானவர்கள் கேஸை மூடிவிட்டு, பேட்டரி மின்சாரத்துக்கு பிரிட்ஜை மாற்றிக்கொள்வதைத்தான் பாதுகாப்பாகக் கருதுகிறார்கள். ஓட்டத்திலும் கேஸ் வேண்டுமென்றால், விபத்து நேர்ந்த நொடியே தானாக மூடிக்கொள்ளும் வால்வு பொருத்த வேண்டும். பெட்ரோல் பங்க்கில் நுழையும் முன் சுடரை அணைத்தே ஆக வேண்டும். சிலிண்டருக்குத் தனி அறை, அதன் அடியில் கசிவு வெளியேற ஓட்டை... இவ்வளவு ஏற்பாட்டோடு கட்டிய வண்டியிலேயே அத்தனை கட்டுப்பாடு. நம் வேனில் இருப்பதோ வீட்டு சிலிண்டர், ரப்பர் டியூப், ஒரு சாக்கு!

சமையல் கேஸ் என்பது புரொப்பேனும் பியூட்டேனும் சேர்ந்த கலவை. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. சீட்டுக்கு அடியில், தரையோடு தரையாகத் தங்கும். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 250 லிட்டர் வாயுவாக விரியும். நாற்றம் வருவதற்காகவே அதில் ஒரு ரசாயனம் சேர்க்கிறார்கள். ஆனால் ஏசிக்காகக் கண்ணாடியை ஏற்றிவிட்டு எல்லோரும் தூங்கும் வேனில் அந்த நாற்றத்தை யார் கவனிப்பது?

பிரிட்ஜ் கேட்காத நெல்லைச் சாப்பாடு

தாமிரபரணிக் கரை மக்களுக்கு இதற்கு விடை தெரியாதா என்ன? கட்டுச்சோறு கட்டுவதில் கை தேர்ந்தவர்கள் அவர்கள். நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றிய புளியோதரை மறுநாளும் தாங்கும். மிளகாய்ப் பொடியும் எண்ணெயும் தடவிய இட்லி, சேரன்மகாதேவி தாண்டிப் பசிக்கும்போதும் பூப்போல இருக்கும். தயிர்சாதத்தில்தான் நுட்பம்: சோற்றை நன்றாகக் குழைத்து, காய்ச்சி ஆறிய பாலை ஊற்றி, ஒரே ஒரு கரண்டி தயிர் சேர்த்துக் கிளம்ப வேண்டும். அம்பாசமுத்திரம் தாண்டி ஆற்றங்கரையில் இலை போடும்போது புளிக்காமல் பக்குவமாக இருக்கும். தொட்டுக்கொள்ள வீட்டிலேயே பொரித்து டப்பாவில் அடைத்த கல்லிடைக்குறிச்சி அப்பளம்.

தேங்காய்ப்பாலில் செய்யும் சொதியை மட்டும் வீட்டோடு வைத்துக்கொள்வது நல்லது. வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும். அல்வாவுக்குக் கவலையே இல்லை. கோதுமைப் பாலும் சர்க்கரையும் நெய்யும் சேர்ந்து சுண்டியது, பிரிட்ஜ் இல்லாமலே பல நாள் இருக்கும். குழந்தைக்கு வெந்நீரும் பாலும் இரண்டு பிளாஸ்க்கில் அடங்கிவிடும். மாத்திரை, இன்சுலின் போன்றவற்றுக்கு ஐஸ் ஜெல் வைத்த சின்னப் பெட்டி போதும். இன்சுலின் மட்டும் ஐஸ் மீது நேராகப் படாமல் துணியில் சுற்றி வைக்க வேண்டும்.

கோயிலில் கிடா வெட்டு, பெரிய சமையல் என்றால்? சிலிண்டரை ஆட்களோடு ஏற்றாமல், தனிச் சுமை வண்டியில், மூடி திருகி, நிமிர்த்திக் கட்டி அனுப்புவதே நல்லது. ரெகுலேட்டரைக் கழற்றிவிட வேண்டும். வண்டிக்குள் நாற்றம் வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல், உடனே நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, காற்று வீசும் திசைக்கு எதிர்ப்பக்கமாக விலகி நின்று 1906-க்கு அழைக்கலாம். நாடு முழுவதற்குமான கேஸ் கசிவு உதவி எண் அது.

பாபநாசம் தாண்டினால் களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகம். சோதனைச் சாவடியில் வண்டி நிற்கும். அந்தக் காட்டில் ஒரு பொறி விழுந்தால் எரிவது மரம் மட்டுமல்ல. பொதிகை மலைக் காடுகள் பிடித்து வைத்துத் தரும் தண்ணீரைத்தான் நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்கின்றன.

சாவடியில் இறங்கிய ஆச்சி, கைப்பையில் இருந்த பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்கொரு துண்டு அல்வா கொடுக்கிறார். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து கிளறிய புளியோதரை தூக்குவாளியில் இருக்கிறது. வேனின் கடைசி சீட்டுக்குப் பின்னால் சாக்கு மூட்டை எதுவும் இல்லை. அந்த இடத்தில் இரண்டு வாண்டுகள் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருக்கின்றன.