டாங்க்கிலிருந்து பம்ப் வரை

ஸ்டாண்டர்டு ஹெரால்டில் பெட்ரோல் டாங்க் பின்னால், டிக்கிக்குள் இருக்கிறது. என்ஜின் முன்னால். இரண்டுக்கும் நடுவே சேஸியை ஒட்டிக் கால் அங்குலக் குழாய் ஒன்று ஓடுகிறது. பழைய கார்களைச் சீரமைப்பவர்கள் பெயின்ட் நிறத்துக்காக மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள், பம்பர் குரோமியத்துக்காக ஊர் ஊராக அலைவார்கள். இந்தக் குழாயைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வண்டி தீப்பிடித்தால்தான் பேச்சே வரும்.

நண்பரின் அப்பா வாங்கிய ஹெரால்டு, புதுப்பேட்டையில் கூவத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், ஒரு பாயின் பட்டறையில் நின்றது. குழாய் மாற்றும் கட்டம் வந்தபோது சொல்லியனுப்பச் சொல்லியிருந்தேன். நான் போனபோது பாடியைத் தூக்கி ஓரமாக மரக்கட்டைகள் மேல் வைத்திருந்தார்கள். ஹெரால்டில் அது ஒரு வசதி. பாடி வேறு, சேஸி வேறு. பிரிட்டனில் 1959இல் வந்த டிரையம்ப் ஹெரால்டு அப்படித்தான் கட்டப்பட்டது. அதை வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் அதை இங்கே தயாரித்தது. பிறகு வந்த நாலு கதவு மாடல் இங்கிலாந்திலேயே கிடையாது. நம் ஊர்க் குடும்பங்களுக்காகவே வந்தது. நண்பருடையது அந்த நாலு கதவு வண்டி.

கழற்றிய பழைய குழாயைப் பாய் தரையில் நீளமாகப் போட்டிருந்தார். ஒரே குழாய் என்று அதைச் சொல்ல முடியாது. பம்ப் பக்கம் துருவேறிய இரும்பு, நடுவில் செம்பு, பின்னால் மீன்தொட்டிக்குப் போடும் கண்ணாடி ட்யூபு. இணைப்புகளில் கிளாம்ப்புக்குப் பதில் கட்டுக்கம்பி முறுக்கியிருந்தது.

"மூணு பேரு கை வெச்சிருக்காங்க சார். கடைசி ஆளு நடுரோட்டுல நின்னுகிட்டுப் போட்டிருக்கான். அவன் மேல தப்பு சொல்ல முடியாது, வீடு போய்ச் சேரணுமில்ல. அதுக்கப்புறமும் அதுலயே ஓட்டுனாங்க பாருங்க, அதைத்தான் சொல்லணும்" என்றார் பாய்.

நண்பர் தலையைக் குனிந்துகொண்டார்.

வண்டிக்கு இருந்த வியாதி பழையது. மத்தியான வெயிலில் மேம்பாலம் ஏறினால் மூச்சு வாங்கி நின்றுவிடும். கார்ப்பரேட்டரை யார் யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள், பம்ப் டயாஃப்ரம் மாற்றியிருக்கிறார்கள். அடியில் குனிந்து பார்த்தவர்களும் ஒரு சொட்டு ஒழுகல்கூட இல்லை என்று திருப்தியாக எழுந்துவிட்டார்கள். ஒழுகாததால் குழாய் நன்றாக இருக்கிறது என்று நினைத்ததுதான் சிக்கல். ஹெரால்டின் பம்ப் என்ஜினோடு சேர்ந்தது, கேம் ஷாஃப்ட் இடிக்க இடிக்க வேலை செய்வது. டாங்க்கிலிருந்து பம்ப் வரை பெட்ரோல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. உறிஞ்சும் குழாயில் மேல்பக்கம் ஊசிமுனை ஓட்டை இருந்தால் பெட்ரோல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஓட்டை ஸ்ட்ராவைப் போட்டு இளநீர் குடித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். போதாக்குறைக்கு, உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகிறது. மே மாதத் தார் ரோட்டுச் சூடும் சேர்ந்தால் பம்ப் வெறும் ஆவியை மென்றுகொண்டிருக்கும்.

பம்ப்பைத் தாண்டிய பிறகு கதை தலைகீழ். அங்கே ஓட்டை இருந்தால் சூடான என்ஜின் மேலேயே பெட்ரோல் தெறிக்கும். அழுத்தம் என்னவோ சதுர அங்குலத்துக்கு இரண்டு பவுண்டை ஒட்டித்தான். தீப்பிடிக்க அதுவே தாராளம்.

புதுக் குழாய் எதில் போடுவது என்ற பேச்சு டீ வந்ததும் ஆரம்பித்தது. கம்பெனி போட்டது இரும்பு, அதனால் இரும்பே வேண்டும் என்றார் நண்பர். கார் கண்காட்சிகளில் நடுவர்கள் அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பார்களாம். இரும்புக் குழாய் மட்டமான பொருள் அல்ல. இரும்புத் தகட்டை இரண்டு சுற்றாகச் சுருட்டி நடுவில் செம்பை உருக்கிப் பிடிக்கவைக்கும் பண்டி குழாய் அமெரிக்காவில் பிறந்தது. உலகத்தில் ஏராளமான வண்டிகளின் பிரேக்கும் பெட்ரோலும் அதில்தான் ஓடின. அதிர்வைத் தாங்கும், விலையும் குறைவு. ஆனால் கடற்கரை ஊரில் வெளியிலிருந்து துரு அரிக்கும். இப்போதைய பெட்ரோல் உள்ளேயிருந்தும் அரிக்கும்.

செம்பு வேண்டும் என்றது பட்டறைக்கு வந்திருந்த இன்னொரு மெக்கானிக். ஏசி வேலைக்கு விற்கும் கால் அங்குலச் செம்புச் சுருள் எங்கும் கிடைக்கும், கையாலேயே வளையும், துருப்பிடிக்காது. தேய்த்தால் பளபளவென்று இருக்கும் என்று நண்பரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். பாய் மசியவில்லை. செம்பு அதிர அதிர விறைத்துப்போகும்; விறைத்த இடத்தில் நட்டுக்குப் பின்னால் மயிரிழை விரிசல் விடும். பழைய மெக்கானிக்குகள் என்ஜினுக்குப் பக்கத்தில் குழாயை ஒரு சுற்றுச் சுருட்டி விட்டது அழகுக்காக அல்ல, அதிர்வை அந்தச் சுருள் வாங்கிக்கொள்ளட்டும் என்றுதான். இன்னொரு குறையும் உண்டு. செம்பு பட்டுக்கொண்டே இருக்கும் பெட்ரோல் சீக்கிரம் கெட்டுப் பிசினாகும். "டெய்லி ஓடுற வண்டிக்குச் செம்பு பரவால்ல சார். மாசத்துக்கு ஒருவாட்டி ஷெட்டுலேர்ந்து வெளிய வர்ற வண்டிக்கு ஆகவே ஆகாது" என்றார். கண்காட்சி வண்டிகளில் செம்பைப் பளபளக்க வைக்கிறவர்கள் இதை யோசிப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்? பாய் கையை மட்டும் ஆட்டினார். வளைப்பதும் கஷ்டம், முனையை விரிப்பதும் கஷ்டம், ஒருமுறை தவறாக வளைத்தால் தூக்கிப்போட வேண்டியதுதான்.

முடிவானது செம்பு-நிக்கல். பத்தில் ஒன்பது பங்கு செம்பு, ஒரு பங்கு நிக்கல், கொஞ்சம் இரும்பு. பிரிட்டனில் குனிஃபர் என்ற பெயரில் பிரபலம். எழுபதுகளிலேயே வால்வோ தன் கார்களின் பிரேக் குழாய்க்கு இதைப் போட ஆரம்பித்துவிட்டது. துருப்பிடிக்காது, செம்பைப் போல் எளிதில் அசராது, கையால் வளைக்கலாம். நிறமும் செம்பு மாதிரி கண்ணைப் பறிக்காது. சாம்பல் நிறம் பூசினால் நடுவரின் டார்ச்சுக்கும் இரும்பாகவே தெரியும். பிரேக்குக்கான 3/16 அங்குலம் சுலபமாகக் கிடைக்கும், கால் அங்குலத்துக்குத்தான் சொல்லிவைக்க வேண்டும்.

அதை வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் பட்டறைப் பையனோடு நானும் போனேன். ஐ.டி.ஐ. முடித்தவன், பேச்சு குறைவு. முதல் கடையில் 6 மில்லிமீட்டர் குழாயை எடுத்துப் போட்டு, "கால் இஞ்சும் இதுவும் ஒண்ணுதான் தம்பி" என்றார்கள். பையன் பதில் சொல்லாமல் சட்டைப்பையிலிருந்து வெர்னியரை எடுத்து அளந்துவிட்டு வெளியே வந்துவிட்டான். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். குழாய் மேல் ஏறி நட்டு இறுக்க இறுக்கக் கவ்விப் பிடிக்கும் பித்தளை வளையத்துக்கு இந்த 0.35 பெரிய இடைவெளி. இறுக்கினால் பிடித்த மாதிரி இருக்கும், பிறகு காற்றை விடும். விட்ட இடத்துக்கே வியாதி திரும்பி வரும். 5/16 அங்குலக் குழாயாக இருந்தால் 8 மில்லிமீட்டர் போட்டுச் சமாளிக்கலாம், அந்த இரண்டுக்கும் வித்தியாசம் மயிரிழைதான்.

ரப்பர் ஹோஸ்தான் பெரிய சண்டையைக் கிளப்பியது. சேஸி அசையும், என்ஜின் தன் ரப்பர் மவுன்ட் மேல் தனியாக அசையும். நடுவில் ஒரு சாண் ஹோஸ் கட்டாயம் வேண்டும். அந்தக் காலத்து வண்டிகளில் வருகிற மாதிரி மேலே பருத்தி நூல் பின்னிய ஹோஸ்தான் வேண்டும் என்று நண்பர் ஒற்றைக்காலில் நின்றார். பாய் தன் டப்பாவிலிருந்து அப்படிப்பட்ட பழைய துண்டு ஒன்றை எடுத்து வளைத்தார். மேலே நூல் புதிதாகவே இருந்தது. உள்ளே ரப்பர் கட்டங்கட்டமாக வெடித்திருந்தது. பின்னல் இருப்பதால் வெடிப்பு கண்ணுக்குப் படவே படாது.

பெட்ரோலும் அந்தக் காலத்துப் பெட்ரோல் இல்லை. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைப் பிரதமர் பெங்களூரில் அறிமுகம் செய்தது 2023 பிப்ரவரியில். 2030க்கு என்று வைத்திருந்த இலக்கை முன்னுக்கு இழுத்து, 2025இல் நாடெங்கும் அதுவே என்றாகிவிட்டது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரை உப்பவைக்கும், பிறகு காயும்போது வெடிக்கவைக்கும். கார்க் கேஸ்கெட்டையும் விடாது. ஹெரால்டை வரைந்தவர்களின் கனவில்கூட வந்திராத திரவம் இது.

ஹோஸ் மேல் பொடி எழுத்தில் எஸ்.ஏ.இ. ஜே30 என்றும் பக்கத்தில் ஆர்6, ஆர்7, ஆர்9 என்றும் அச்சடித்திருக்கும். முதல் இரண்டும் கார்ப்பரேட்டர் காலத்துக் குறைந்த அழுத்தத்துக்கானவை. ஆர்9இன் உள்சுவர் ஃப்ளூரோ ரப்பர், எத்தனாலுக்கு அசைந்துகொடுக்காது. இன்ஜெக்‌ஷன் வண்டிகளின் அழுத்தத்துக்காக வந்தது அது. இரண்டு பவுண்டு அழுத்தத்துக்கு அது ஆடம்பரம் என்று நண்பர் சொன்னார். அழுத்தத்துக்காக அல்ல, எத்தனாலுக்காக என்றார் பாய். நான் பாய் கட்சி. உலோகத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் பழைமை பார்க்கலாம், கெட்டால் கண்ணுக்குத் தெரியும், தட்டினால் சத்தம் சொல்லும். ரப்பரில் பழைமை பார்ப்பது வண்டிமேல் உள்ள ஆசைக்கே விரோதம். என்ன எழுத்தும் இல்லாத மொட்டை ஹோஸைக் கடைக்காரர் எத்தனை சத்தியம் செய்து கொடுத்தாலும் வாங்கக்கூடாது.

வேலை ஆரம்பித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. சுருளாக வந்த குழாயைப் பையன் தரையில் பலகை வைத்து உருட்டி நேராக்கினான். தேய்த்த பழைய குழாயைப் பக்கத்தில் வைத்து, வளைவு வளைவாகப் பாய் புதியதை ஒத்துப்பார்த்துக்கொண்டே போனார். பெரிய வளைவுகளுக்குக் கட்டைவிரல் போதும். டாங்க் பக்கத்தில் திடீரென்று திரும்பும் இடத்துக்கு மட்டும் ஸ்பிரிங் பெண்டரைக் குழாய்மேல் மாட்டினார். இல்லாவிட்டால் உள்பக்கம் நசுங்கி வழி குறுகிவிடும். வெட்டுவதற்கு ஹாக்சா கூடாது. ரம்பப்பொடி ஒரு துளி உள்ளே தங்கினாலும் கார்ப்பரேட்டர் ஜெட்டில் போய் உட்காரும். உருளைக் கட்டரால் வெட்டி, உள்பக்கம் மடிந்த பிசிரை எடுத்து, காற்றடித்து ஊதினார்கள். ஹோஸ் ஏறும் முனைகளில் சின்ன மேடு ஒன்றை எழுப்பினார் பாய். அது இல்லையென்றால் எந்தக் கிளாம்ப்பும் ஒருநாள் வழுக்கும். கிளாம்ப்பும் பட்டையில் வெட்டுப்பல் இல்லாத, விளிம்பு மடிந்த வகை. சாதாரணக் கிளாம்ப்பின் பல் ஆர்9 ஹோஸையும் கீறிவிடும்.

அதிகநேரம் பிடித்தது கிளிப் வைப்பதுதான். சாணுக்கொரு ரப்பர் வைத்த கிளிப், சேஸியைத் துளைத்துப் போகுமிடத்தில் கிரோமெட், எக்ஸாஸ்டிலிருந்து கையகலத் தூரம். குழாய் எங்கேயும் இரும்போடு உரசக்கூடாது. "ட்யூபு பெட்ரோலால ஓட்டையாகாது சார், ஆடித்தான் ஓட்டையாகும்" என்றார், சேஸிக்கு அடியில் படுத்தபடி.

எல்லாம் மாட்டியபின் பம்ப் பக்கம் குழாயை ஒரு கை வாக்குவம் பம்ப்பில் மாட்டி, டாங்க் முனையைக் கட்டைவிரலால் அடைத்தான் பையன். முள் ஏறி நின்றது. டீக்கடைவரை போய்விட்டு வந்து பார்த்தபோதும் அங்கேயே நின்றது. நண்பருக்குக் கைதட்டத் தோன்றியிருக்க வேண்டும். உடனே எப்போது ஸ்டார்ட் செய்யலாம் என்றார்.

பாய் டாங்க்கை மடியில் கவிழ்த்துத் தட்டினார். செங்கல் நிறத்தில் பொடி கொட்டியது. அந்தக் காலத்து டாங்க்குகளில் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சு உள்ளே இருக்கும், எத்தனாலுக்கு அதுவும் தாங்காது. "இன்னிக்கு இதை மாட்டுனா நாளைக்கே ஃபில்டர் அடைக்கும். தண்ணி ரொப்பிக் கழுவணும், ஓட்டை இருந்தா பத்தவைக்கணும், அப்புறம் உள்ள பூச்சு. அடுத்த வாரம் வாங்க. இப்ப ஸ்டார்ட் பண்ணியே ஆவணும்னா பம்ப்புக்கு ஒரு கேன்ல இருந்து குடுக்குறேன், சத்தம் கேட்டுட்டுப் போங்க."

நண்பர் கேனுக்குச் சம்மதித்தார்.