கலோரி நோட்டு

பெருங்குடலை முழுவதுமாக எடுத்து முடித்தபோது என் எடை 64 கிலோவிலிருந்து 55க்கு வந்திருந்தது. பத்து வருஷம் ரத்தமாகப் போன குடல். எடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. சிறுகுடலின் முனையை வயிற்றின் வலப்பக்கம் வெளியே கொண்டுவந்து அதன்மேல் ஒரு பையை ஒட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த அன்றே அம்மா சொன்னாள்: “குடலையே எடுத்துட்டாங்க, திங்கிறது எங்கடா ஒட்டும்? ரெண்டு பங்கா சாப்பிட்டாத்தான் ஒரு பங்காவது சேரும்.”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஒரு நோட்டு வாங்கிக் கணக்கெழுத ஆரம்பித்தேன். நெய் ஊற்றிய இட்லி, ரெண்டு முட்டை, கடலை உருண்டை, சர்க்கரை தூக்கலாகச் சத்துமாவுக் கஞ்சி, சாயங்காலம் ஜூஸ். ஒரு நாளைக்கு 2,600 கலோரி. சாப்பிடச் சாப்பிடப் பை நிறைந்தது. ராத்திரி நாலு முறை எழுந்து காலி செய்வேன். தாகத்துக்குச் சொம்பு சொம்பாகத் தண்ணீர். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது, சிறுநீர் கறுத்தது. மூன்றாவது வாரம், மூன்றே நாளில் ரெண்டு கிலோ குறைந்தது. அம்மா கடலை உருண்டையைக் கூட்டினாள்.

ஒரு விடியற்காலை பாத்ரூம் வாசலில் கண் இருட்டி விழுந்தேன். ஆஸ்பத்திரியில் கிரியாட்டினின் 2.4. டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது டாக்டர் நோட்டைப் புரட்டினார்.

“ஒரு கிலோ கொழுப்பு கரையணும்னா சுமார் 7,700 கலோரி. ரெண்டு கிலோவுக்கு 15,400. நீங்க மூணு நாளும் பட்டினி கிடந்திருந்தாக்கூட அவ்வளவு எரியாது சார். போனது உப்பும் தண்ணியும்.”

இந்தப் பெருக்கலை நான் ஏன் போட்டுப் பார்க்கவில்லை? இத்தனைக்கும் கணக்குப் படித்தவன்.

மாவுச்சத்து, கொழுப்பு, புரதம் எல்லாம் பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகின்றன. பெருங்குடலில் நார்ச்சத்து நொதித்துக் கொஞ்சம் கலோரி கிடைக்கும்; நான் இழந்தது அந்தக் கொஞ்சம்தான். அதன் பெரிய வேலை தினமும் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரையும் அதோடு உப்பையும் மீட்டுத் தருவது. சிறுகுடல் அதில் ஒரு பங்கைப் பழகிக்கொள்ளச் சில மாதங்களாகும். நாங்களோ சர்க்கரையாக ஊற்றிக் குடலுக்குள் இன்னும் தண்ணீரை இழுத்துவிட்டிருந்தோம். வெறும் தண்ணீர் இருந்த உப்பையும் கழுவிக்கொண்டு போனது. உடம்பு கேட்ட கலோரி கிலோவுக்கு 30 போட்டால்கூட 1,600தான். புரதம் மட்டும் கொஞ்சம் தாராளமாக, புண் ஆறும்வரை.

மருந்து என்று கொடுத்தது ஓஆர்எஸ் பாக்கெட். ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், கூடக் கொஞ்சம் பொட்டாசியமும் சிட்ரேட்டும். குடல் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் ஒரே வாசல் வழியாகச் சேர்ந்தே நுழைகின்றன, தண்ணீர் பின்னாலேயே போகிறது. அளவு மீறிய சர்க்கரைதான் கெடுதல். 1971இல் வங்கதேச அகதிகளின் முகாமில் திலீப் மகாலனாபிஸ் காலராக்காரர்களைக் காப்பாற்றியதும் இந்த வழியில்தான். இளநீர் இதற்கு ஈடாகாது. அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் இளநீர்தான் வாங்கிவந்தார்கள்.

அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு. பதினைந்து வருஷமாக எங்கள் வீட்டுச் சமையலில் உப்பு அரைதான். உப்பைக் கூட்டச் சொன்னதும் அவளுக்குக் கை வரவில்லை. “டாக்டர் தெரிஞ்சுதான் சொன்னாராடா?” என்று ரெண்டு முறை கேட்டாள்.

இப்போது ரசம் கொதித்து இறக்கியதும் தனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் உப்பைப் போடுகிறாள். போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நோட்டில் கலோரி எழுதுவதில்லை. பையில் வந்தது எத்தனை மில்லி, சிறுநீர் எத்தனை மில்லி. நேற்று 750, 1,200.