ஏரி நடுவே ஒரு மன்றம்

டாக்காவின் ஷேரே பங்களா நகரில், நீர் சூழக் கோட்டைபோல் நிற்கும் நாடாளுமன்ற மாளிகையைப் படங்களில் காணுந்தோறும், இஃது எவருக்காக எழுப்பப்பட்டது என்றே நாம் எண்ணுகிறோம்.

கட்டச் சொன்னவர் மக்களாட்சிக்குப் பேர்போனவர் அல்லர். படைபலத்தால் பாகிஸ்தானின் ஆட்சிக்கு வந்த அயூப்கான், கிழக்குப் பகுதியினரின் மனக்குறையைத் தணிக்க டாக்காவை இரண்டாம் தலைநகராக்க முனைந்தார். வங்கக் கட்டடக் கலைஞர் முஸ்ஹருல் இஸ்லாமோ, தாமே ஏற்றிருக்கக்கூடிய பணியை உலகப் புகழ்பெற்ற ஒருவரிடம் ஒப்படைக்கலாம் என்றார். இத்தகைய பெருந்தன்மையை இக்காலத்தில் எங்கே காண்பது! 1962இல் அமெரிக்கரான லூயி கான் அமர்த்தப்பட்டார்.

எஸ்தோனியாவில் பிறந்த யூதர் அவர். சிறியதொரு தொழுகை அறையே கேட்கப்பட்டிருக்க, அவர் அதனைப் பெரிதாக்கி மாளிகையின் தெற்கு நுழைவாயிலிலேயே அமைத்தார். மாளிகை முழுதும் ஒரே நேர்கோட்டில் நிற்க, அத்தொழுகைக் கூடம் மட்டும் கிப்லாவை நோக்கிச் சற்றே திரும்பி நிற்கிறது. நம் மனத்தை மிகக் கவர்ந்தது இத்திருப்பமே.

சுவர்களை எழுப்பியவர்கள் தலைச்சுமையாகக் கான்கிரீட் சுமந்த ஏழைத் தொழிலாளர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 அடி உயரமே வார்க்க முடிந்தது. அன்றைய வார்ப்பும் மறுநாள் வார்ப்பும் கூடும் இடத்தைப் பூசி மறைக்காமல், வெள்ளைச் சலவைக்கல் பட்டை பதித்தார் கான். சாம்பல் நிறச் சுவரில் ஓடும் அவ்வெண்கோடுகள் ஒவ்வொன்றும் ஒரு நாள் உழைப்பின் எல்லையாகும்.

1971 போரில் வேலை நின்றது. கட்டச் சொன்ன அரசு அம்மண்ணைவிட்டு நீங்கியது; வங்கதேசம் பிறந்தது. புதிய அரசு பணியைத் தொடர்ந்தது. கான் நிறைவைக் காணவில்லை. 1974 மார்ச்சில், அகமதாபாத்திலிருந்து திரும்பும் வழியில், நியூயார்க் இரயில் நிலையத்தில் உயிர்நீத்தார்.

1982 ஜனவரி 28இல் மாளிகை திறக்கப்பட்டது. பிப்ரவரி 15இல் முதல் அமர்வு கூடியது. மார்ச் 24இல் தளபதி எர்ஷாத் ஆட்சியைக் கைப்பற்றி இராணுவச் சட்டத்தை அறிவித்தார். திறந்து இரண்டு மாதங்கூட நிறையவில்லை! 1989இல் மாளிகைக்கு ஆகாகான் கட்டடக்கலை விருது கிடைத்தபோதும் நாட்டை ஆண்டவர் அவரே. 1991இல் நாடாளுமன்ற ஆட்சிமுறை மீண்டது. ஆயினும் எதிர்க்கட்சி எதுவாயினும் மன்றத்தைப் புறக்கணித்து வெளியே நிற்பது அந்நாட்டில் வழக்கமாகிப் போனது. எத்தனையோ நாள்கள் பாதி இருக்கைகளுக்குத்தான் அந்த உயர்ந்த கூரை ஒளி தந்தது.

2024 ஆகஸ்ட் 5இல், பிரதமர் ஹசீனா நாட்டைவிட்டு வெளியேறிய அன்று, ஏரியைக் கடந்து பெருந்திரளான மக்கள் உள்ளே புகுந்தனர். மறுநாள் குடியரசுத் தலைவர் நாடாளுமன்றத்தைக் கலைத்தார்.