மலையாளி என்றொரு பெயர்

சில ஆண்டுகளுக்கு முன், கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றில் சமூகம் 'மலையாளி' என்றிருந்தது. "கேரளத்தில் எந்த ஊர், தம்பி?" என்றேன். "ஜமுனாமரத்தூர்ப் பக்கம், ஐயா. ஜவ்வாது மலை" என்றார் மாணவர். தாய்மொழி என்ற இடத்தில் தமிழ் என்றே எழுதியிருந்தார். அன்று காலைதான் உடம்படுமெய் நடத்திவிட்டு வந்திருந்தேன் என்பதை வெட்கத்தோடு பதிவு செய்கிறேன்.

மலை + ஆளி. ஐகார ஈற்றின் முன் உயிர் வர, இடையே யகரம் தோன்றி மலையாளி ஆகிறது. தொழிலாளி, பங்காளி போல ஆண்பால், பெண்பால் இரண்டுக்கும் பொதுவான சொல். மேற்கே மலையாளம் என்பதும் முதலில் நாட்டின் பெயர்தான். மொழிக்கு அது பின்னரே ஆகிவந்தது. இங்கோ மொழிக்கும் இப்பெயருக்கும் தொடர்பே இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது இம்மக்களின் வழிவழிக் கதை. அவ்வாறாயின், மலை ஏறிய பிறகு வாய்த்த பெயர் இது. பழங்குடியினர் பட்டியலிலும் வட ஆற்காடு, சேலம், தருமபுரி முதலிய பழைய மாவட்டப் பெயர்களைச் சுட்டியே இப்பெயர் இடம்பெற்றிருக்கிறது. மாவட்டத்தைச் சொல்லாவிட்டால் பெயர் மட்டும் போதாது.

விரித்துக் காட்டுகையில்தான் சிக்கல். மலையை ஆள்பவர் என இரண்டாம் வேற்றுமையாக விரிப்பதா, மலைக்கு உரியவர் என நான்காவதாகவா? ஆளுதலுக்கு அரசாளுதல் மட்டுமன்று, உரிமை கொள்ளுதலும் பொருள்தான். மாணவரையே கேட்டேன்.

"விறகெடுக்கவே அனுமதி கேட்கிறோம், ஐயா. ஆள்பவர் என்று எப்படி எழுதுவது?" என்றார்.