விருந்து அடுப்பும் அன்றாட அடுப்பும்

ஓர் இல்லத்தின் இயல்பை அறிய விரும்புவோர் அதன் முன்கூடத்தைப் பார்த்துப் பயனில்லை. அடுப்பங்கரைக்குச் சென்று அடுப்பைத் தொட்டுப் பார்க்கவேண்டும் என்று நம் அன்னையார் கூறுவதுண்டு. அடுப்பு சூடாக இருந்தால் அது குடும்பம். குளிர்ந்து கிடந்தால் அது வெறுங்கட்டடம். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் சிரட்டைக் கனலில் கருவாடு சுட்டு எட்டுப் பிள்ளைகளை வளர்த்த அவருடைய இச்சொல்லின் முழுப்பொருள், அவர் கனவிலும் கண்டிராத டெக்சாஸ் மாநிலத்தில், அதுவும் ஓர் அடுப்பு வாங்கப்போன இடத்தில் நமக்கு விளங்கியது என்றால் வாசகர்கள் வியப்படைவார்கள்.

நம் ஆயரவர்களின் பணிப்பின்படி 2018-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத்து நடுப்பகுதியில் உள்ள சிறு பங்கு ஒன்றிற்கு வந்து சேர்ந்தோம். இந்நாட்டில் வீட்டிற்குள் எத்துணை வசதியான அடுக்களை இருந்தாலும், பின்புறத்து வெட்டவெளியில் இன்னோர் அடுப்பு இருப்பது வழக்கம். 'கிரில்' என்பது அதன் பெயர். அடியில் நெருப்பு, அதன்மேல் இரும்புக் கம்பித் தட்டு, அதற்கும் மேல் ஒரு மூடி. மூடியைத் திறந்து வைத்தால் இறைச்சியும் மீனும் அனலில் சுடும். மூடினால் அதுவே ரொட்டி வேகும் வெதுப்படுப்புப் போலாகிறது. நெருப்பைத் தணித்து, ஒரு துண்டு ஓக் மரத்தை உள்ளே இட்டு மூடிவிட்டால், மெல்லிய புகையிலேயே இறைச்சி பல மணி நேரம் வெந்து பதமாகிறது.

இந்தப் புகைச் சமையலுக்கு இப்பகுதியில் பெருஞ்சிறப்பு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்குக் குடியேறிய ஜெர்மானியரும் செக் நாட்டவரும் நடத்திய இறைச்சிக் கடைகளில், விலைபோகாத இறைச்சி கெட்டுவிடாதபடி புகையூட்டி விற்றார்கள். அதுவே பின்னர் நாடறிந்த உணவாயிற்று. லாக்ஹார்ட் என்னும் சிற்றூரை டெக்சாஸின் பார்பிக்யூ தலைநகர் என்று மாநிலப் பிரதிநிதிகள் அவை 1999-இல் தீர்மானம் நிறைவேற்றியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அக்குடியேறிகளுள் கத்தோலிக்கரும் பலர். ஆதலின் பங்குத் திருவிழா என்றால் ஆலயத்துள் சாம்பிராணிப் புகையும் ஆலயத்தின் பின்புறம் ஓக் விறகுப் புகையும் ஒருங்கே எழுவதை இங்குக் காணலாம்.

நம் பங்கு இல்லத்தின் பின்னால் இருந்த பழைய அடுப்பு துருவேறி அடிவிட்டுப் போயிருந்தது. பங்குப் பேரவையார் ஒரு தொகையைத் திரட்டி, "தங்கள் விருப்பம்போல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்" என்றனர். ஆனால் நமக்கு விருப்பம் என்று எதுவும் இருக்கவில்லை. விருப்பமெல்லாம் பங்கு மக்களிடமே இருந்தது.

ஒருவர், "வாயு அடுப்பே மேல், பாதர்! புரொப்பேன் சிலிண்டரைத் திருகினால் பத்து நிமிடத்தில் சமைக்கலாம், சாம்பல் அள்ளும் வேலையில்லை" என்றார். அவர் கூறியது உண்மையே. எனினும் புகையின் மணம் அதில் அவ்வளவாக ஏறுவதில்லை.

இன்னோர் இளைஞர் மரத்தூள் குச்சி அடுப்பைப் புகழ்ந்தார். மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளை ஒரு திருகு தானே நெருப்பிடம் தள்ளும்; வேண்டிய வெப்பத்தைக் குறித்துவிட்டு உறங்கப் போகலாம். ஓரிகன் மாநிலத்தில் 1980-களில் தோன்றிய இவ்வகை அடுப்பின் குறை, அது மின்சாரமின்றி இயங்காது என்பதும், நல்லதன் விலை மிகுதி என்பதுமே.

மூன்றாமவர், பக்கவாட்டில் தனி நெருப்புப் பெட்டி வைத்த பெரிய இரும்பு உருளையை வாங்கச் சொன்னார். உண்மையான டெக்சாஸ் சமையல் அதில்தான் என்பதில் ஐயமில்லை. ஆனால் அரைமணிக்கொரு முறையேனும் விறகைக் கவனிக்கவேண்டும். ஒரு கோழித் தொடையைச் சுடுவதற்கு அதை மூட்டுவது, ஒரு கடிதம் எழுத அச்சுக்கூடம் வைப்பது போலாகும்.

முடிவு செய்ய இயலாமல், பல்லாண்டுகள் பங்குத் திருவிழாவின் இறைச்சியைச் சமைத்து வந்தவர் எனக் கேள்விப்பட்ட ஒரு முதியவரை நாடிச் சென்றோம். அவர் மனைவி இறந்து இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. அவர் வீட்டுப் பின்புறத்தில் மேற்சொன்ன இரும்பு உருளை, தார்ப்பாய் போர்த்தியபடி நின்றது. மனைவியின் அடக்கத்திற்குப் பின் அவர் அதை மூட்டவே இல்லை என்று பிறர் சொல்ல அறிந்திருந்தோம்.

நம் கேள்வியைச் செவிமடுத்தபின் அவர் அடுப்பைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நம்மையே வினவினார்.

"பாதர், வாரத்தில் எத்தனை நாள் சமைக்கிறீர்கள்?"

"ஐந்து நாள்."

"எத்தனை பேருக்கு?"

நாம் சற்றுத் தயங்கி, "ஒருவனுக்கு" என்றோம்.

"ஆண்டில் எத்தனை நாள் புகைச் சமையல் செய்வீர்கள்?"

"மூன்று நாள், நான்கு நாள் இருக்கலாம்."

"அப்படியானால் ஏன் அந்த நான்கு நாளுக்கு அடுப்புத் தேடுகிறீர்கள்? மற்ற நாள்களுக்கு வாங்குங்கள். அந்த நான்கு நாளை அதிலேயே சமாளிக்கலாம்" என்றவர், சற்று நேரம் கழித்து, தார்ப்பாய் போர்த்திய உருளையைக் கைகாட்டி, "இதை நான் விருந்துக்கென்று வாங்கினேன். அன்றாடம் சமைத்தவள் அவள், அதோ, அந்தச் சிறிய கும்பாவில்" என்றார். வேலியோரம் கறுத்த உருண்டை அடுப்பு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. "நீங்கள் இப்போது எதில் சமைக்கிறீர்கள்?" என்று கேட்டோம். "டப்பாவைத் திறக்கிறேன்" என்றார். நாமும் அப்படித்தான் பல இரவுகள் அடுக்களையில் நின்றபடியே உண்டு வந்தோம் என்பதை அவரிடம் கூறவில்லை.

அவர் சொற்படி நாம் வாங்கியது, இந்நாட்டார் 'கெட்டில்' என்று அழைக்கும் உருண்டைக் கரியடுப்பு. இதன் வரலாறு சுவையானது. சிகாகோ பகுதியில் வெபர் சகோதரர்கள் உலோகப் பட்டறையில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், திறந்த அடுப்பில் காற்றும் மழையும் செய்யும் தொல்லையைப் பொறாது, 1952-இல் அப்பட்டறையில் செய்யப்பட்ட கடல் மிதவையின் அரைக்கோளம் ஒன்றை எடுத்துக் காலும் மூடியும் பொருத்தினார். கப்பலுக்கு வழிகாட்ட மிதக்கும் பொருள் சோற்றுக்கு வழிகாட்டும் அடுப்பாயிற்று! 22 அங்குல விட்டமுள்ள ஒன்று ஐந்தாறு பேருக்குப் போதும். அதில் இடும் கரிக்கட்டிகளுக்கும் ஒரு கதை உண்டு. ஹென்றி ஃபோர்டு தம் மோட்டார் வண்டிகளுக்கு மரம் அறுத்ததில் மிஞ்சிய கழிவை வீணாக்க மனமின்றி, 1920-களில் மிச்சிகன் மாநிலத்தில் அதைக் கரிக்கட்டிகளாக்கி விற்கத் தொடங்கினார்.

வாங்கியது எளிது, கற்றதுதான் கடினம். முதல்முறை கோழி வெளியே கரிந்து உள்ளே இரத்தம் மாறாமல் இருந்தது. முதியவர் வந்து பார்த்து, கரி முழுவதையும் ஒருபுறமாக ஒதுக்கினார். கனலுள்ள பக்கம் மேற்றோல் சிவப்பதற்கு. கனலற்ற பக்கம் மூடியிட்டு உள்ளே வேகவிடுவதற்கு. இந்த இருபுற முறை ஒன்றை அறிந்தால் பாதிச் சமையல் அறிந்தாயிற்று. மீதியை வெப்பமானி சொல்லும். கோழியின் உட்புறம் 165 டிகிரி பாரன்ஹீட், அதாவது 74 டிகிரி செல்சியஸ் ஆகாமல் அதை உண்ணலாகாது. கரி மூட்ட எண்ணெய் ஊற்றுவதையும் அவர் தடுத்தார். அடியில் செய்தித்தாளும் மேலே கரியும் இடும் தகரக் குழாய் ஒன்றில் இருபது நிமிடத்தில் கரி தானே கனன்றுவிடுகிறது.

நம் பேதைமை ஒன்றையும் மறையாமல் சொல்லிவிடுகிறோம், வாசகருக்குப் பயன்படும். ஒரு மழைநாளில் அடுப்பை வண்டிக் கொட்டகைக்குள் இழுத்துவைத்து, சாரல் அடிக்கிறதென்று கதவையும் பாதி இறக்கிவிட்டோம். கரி நன்கு சிவந்து, கண்ணுக்குப் புகையே இல்லை. சிறிது நேரத்தில் தலை கனத்து, நெற்றி விண்ணென்று தெறித்தது. அவ்வேளை வந்த முதியவர் ஒரு சொல்லும் பேசாமல் கதவை முழுவதும் உயர்த்தி, நம் கையைப் பிடித்து மழையில் இழுத்துவிட்டார். சிவந்த கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குவதுபோல் உயிரைப் போக்கிவிடும். வீட்டிற்குள்ளோ கொட்டகையிலோ கூடாரத்திலோ கரியடுப்பு ஒருபோதும் கூடாது. அமெரிக்காவில் பிள்ளைகளோடு தங்கப்போகும் பெற்றோர் இதனை மனத்தில் இருத்துக. அடுக்குமாடிக் குடியிருப்பாயின், மாடி முகப்பில் அடுப்பு மூட்டப் பல நகரங்களில் தடையும் உண்டு. கேட்டறிந்தபின் வாங்குவதே அறிவுடைமை.

அன்று முதல் செவ்வாய் மாலைதோறும் அவர் நம் இல்லத்திற்கு வரலானார். நாம் தனியாகச் சமைத்தால் எதையாவது செய்துகொள்வோம் என்பது அவர் கூறிய காரணம். கெளுத்தி மீன் சுட்டோம். மக்காச்சோளக் கதிர் சுட்டோம். கத்தரிக்காயைத் தோல் கருகச் சுட்டு, உரித்துப் பிசைந்து, புளியும் பச்சைமிளகாயும் சேர்த்து அன்னையார் செய்யும் பக்குவத்தில் கொடுத்தபோது, "இத்தனை ஆண்டு இந்த அடுப்பில் இதைச் செய்யலாமென்று எவரும் சொல்லவில்லையே!" என்று இரண்டாம்முறை வாங்கி உண்டார்.

அவர் மனைவியின் நினைவுத் திருப்பலி நாள் நெருங்கியது. நம் ஊரில் இத்தகைய நாளில் வந்தவர்களுக்குச் சோறிடும் வழக்கம் உண்டு என்று கூறினோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. பின், "ஒரு பிரிஸ்கெட் போதுமா?" என்று மட்டும் கேட்டார்.

பிரிஸ்கெட் என்பது மாட்டின் நெஞ்சுப்பகுதி. உடலின் சுமையைத் தாங்கி உழைக்கும் தசையாதலால் நார் மிகுந்தது. விரைந்து சமைத்தால் தோற்செருப்புத்தான். மெல்லிய வெப்பத்தில் நெடுநேரம் இருந்தால் அந்நாரே கரைந்து கூழாகி இறைச்சியை நெகிழச் செய்கிறது. முன்னாள் இரவு எட்டு மணிக்குத் தொடங்கினோம். கரிக்கட்டிகளை அடுப்பின் விளிம்பைச் சுற்றிப் பாம்புபோல் வளைத்து அடுக்கி, ஒரு நுனியில் மட்டும் தீயிட்டார். அது ஊர்ந்து ஊர்ந்து இரவெல்லாம் எரியும். மேலே ஓக் துண்டுகள். நடுவில் ஒரு தட்டு நீர். மூடியின் துளையைத் திருகி வெப்பத்தை 250 டிகிரி பாரன்ஹீட்டை ஒட்டி நிறுத்தினோம். வெளிவரும் புகை வெண்மையாகத் திரண்டால் கசப்பேறும்; இருக்கிறதோ இல்லையோ என்னுமளவு மெல்லியதாக நீலம் பாய்ந்திருக்க வேண்டும்.

நள்ளிரவு ஒரு மணிக்கு இறைச்சியின் உள்வெப்பம் 155 டிகிரியை எட்டியது. இரண்டு மணிக்கும் 155. மூன்றுக்கும் அதுவே. நெருப்பு அவிந்ததென எண்ணி மூடியில் கைவைத்தோம். "விடுங்கள், பாதர்" என்றார். இறைச்சி தன் ஈரத்தை வெளிவிடுகிறது. அந்த ஈரம் ஆவியாகும்போது குளிர்ச்சி உண்டாகிறது. மண்பானையில் நீர் குளிர்வதும் இதே முறையில்தான். உள்ளே புகும் வெப்பமும் வெளியேறும் குளிர்ச்சியும் ஈடாவதால் முள் நகருவதில்லை. அறியாதவர் அவசரப்பட்டுத் தீயைப் பெருக்கிக் கெடுத்துவிடுவர். "இது நிற்கவில்லை, உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது" என்றார்.

அந்த நின்றுபோன மணிகளில், நாம் அறிந்தவரை முதல்முறையாக, அவர் தம் மனைவியைப்பற்றிப் பேசினார். நோயைப்பற்றியன்று, அவர் சினங்கொண்ட நாள்கள், சிரித்த நாள்கள், திருவிழாவுக்கு இவர் முந்நூறு பேருக்குச் சமைத்துப் புகழ்பெற்ற அன்று வீட்டில் பிள்ளைகளுக்கு அச்சிறிய அடுப்பில் அவர் சோளம் சுட்டுக் கொடுத்தது. "எல்லாரும் என் சமையலைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். எங்களை வளர்த்தது அவள் சமையல்" என்றார். நாம் ஆறுதல் மொழி எதுவும் கூறவில்லை. குருமடத்தில் பயின்ற சொற்கள் பல நாவரை வந்தன. அவற்றை உள்ளேயே நிறுத்தினோம். உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் சீடருக்குக் கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்திருந்தார். கேள்விகளை அவர்கள் உண்டபின்பே கேட்டார் என்பது மட்டும் நினைவிற்கு வந்தது.

ஐந்து மணியளவில் முள் நகர்ந்தது. இறைச்சியைத் தாளில் சுற்றி, கரியும் சிறிது சேர்த்தோம். ஒன்பது மணிக்கு 200 டிகிரியைத் தாண்டியது. திருப்பலிக்குப்பின் பதினாறு பேர் உண்டார்கள். அவர்களுள் நால்வர், தனித்து வாழ்பவர்கள், இப்போது செவ்வாய்தோறும் வருகிறார்கள்.

அப்பெரிய இரும்பு உருளை இன்றும் தார்ப்பாயின் கீழேதான் நிற்கிறது. அதை எப்போது மூட்டுவார் என்று நாமும் கேட்பதில்லை. ஆனால் வேலியோரம் கவிழ்ந்து கிடந்த சிறு கும்பா இப்போது நிமிர்த்தி வைக்கப்பட்டிருக்கிறது. சென்ற மாதம் நாம் சென்றபோது அதன் அடியில் புதுச் சாம்பல் இருந்தது.

அடுப்பு வாங்க எண்ணும் அன்பர்களே, வாயுவா கரியா என்பதைப் பின்னர் ஆராய்வோம். அன்றாடம் நம் வீட்டில் உண்போர் எத்தனை பேர், உண்ண அழைக்கப்பட வேண்டியவர் அடுத்த வீட்டில் எத்தனை பேர் என்பதை முதலில் எண்ணிப் பார்ப்போம். அந்தக் கணக்கிற்கு ஏற்ற அடுப்பை வாங்குவோம். விருந்து நாள் வரும்போது அதற்கும் அதுவே போதும்.