கடற்பஞ்சுக்குப் பெயர் கண்டுபிடிக்கும் வேலை

குளச்சலிலோ முட்டத்திலோ சிங்கி இறால் வலையைக் கரையில் விரித்து உதறும்போது மீனவர்கள் கழித்துப் போடும் குவியலில்தான் கடற்பஞ்சு ஆய்வாளருக்கு வேலை ஆரம்பம். பாறையை ஒட்டிப் போட்ட வலையென்றால் சிவப்பும் மஞ்சளும் கருநீலமுமாகத் துண்டுகள் கிடக்கும். வெயில் ஏறுவதற்குள் பொறுக்கிவிட வேண்டும்.

வெறுங்கையால் எடுத்தால் விரல் அரிக்கும். கடற்பஞ்சுகளில் பெரும்பாலானவற்றின் உடம்பு முழுக்கச் சிலிக்கா முட்கள். கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிதான் அது. மேலே பாசி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் ஹைட்ராய்டோ வேறு இனம், சொறிமீனுக்கும் பவளத்துக்கும் உறவு. அதன் கொட்டும் செல்கள் செத்த பிறகும் வெடிக்கும். ஹைட்ராவின் கொட்டும் செல்லை 2006இல் அதிவேகக் கேமராவில் படம்பிடித்தவர்கள், முள் பாய்வதற்கு 700 நானோ விநாடிதான் ஆகிறது என்று கண்டார்கள். கடற்பஞ்சிடம் அந்த வித்தையெல்லாம் கிடையாது. நரம்பில்லை, வயிறில்லை. கழுத்துப்பட்டை வைத்த செல்கள் சாட்டையைச் சுழற்றி நீரை உள்ளே இழுக்க, அதில் வருவதை வடிகட்டித் தின்று பிழைக்கிறது.

பொறுக்கியதும் எழுத வேண்டும். என்ன நிறம், கிழித்தால் உள்ளே என்ன நிறம், வழவழப்பா சொரசொரப்பா, அமுக்கினால் திரும்ப எழும்புகிறதா, நாற்றம் உண்டா. சிலது பூண்டு நாற்றம் அடிக்கும். ஸ்பிரிட்டில் போட்டபின் சாயம் இறங்கி, பல இனங்கள் ஒரே மங்கல் பழுப்பாகிவிடும். அப்புறம் எந்த நுண்ணோக்கியாலும் அந்த நிறத்தை மீட்க முடியாது. ஆய்வகத்தில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், கரையில் குறிப்பெடுக்கச் சோம்பினவரின் ஜாடியில் பாதி விலங்குதான் இருக்கிறது. ஜாடிக்குள் போடும் சீட்டும் பென்சிலில்தான், மை கரைந்துவிடும்.

வெளி உருவத்தை வைத்துப் பெயர் சொல்ல முடியாது. அலை மோதும் பாறையில் தட்டையாகப் படரும் இனமே அமைதியான நீரில் விரல்விரலாக எழும்பி நிற்கும். ஆகவே முட்களைத்தான் பார்க்க வேண்டும். சிறு துண்டை நைட்ரிக் அமிலத்தில் காய்ச்சினால் சதை கரைந்து முட்கள் அடியில் படியும். மேல்நீரை இறுத்துவிட்டுத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், மறுபடி படியவிட வேண்டும், மறுபடி இறுக்க வேண்டும். பெரிய முட்கள் சீக்கிரம் இறங்கும். கொக்கி, நட்சத்திர வடிவச் சின்ன முட்கள் வெகுநேரம் மிதந்துகொண்டிருக்கும். அவசரமாகச் சாய்த்தால் பேரினத்தைக் காட்டிக்கொடுக்கும் முட்களே வடிகாலோடு போய்விடும். மிஞ்சியவற்றை அளந்து, இலங்கை முத்துப்பார்களின் கடற்பஞ்சுகள் பற்றி ஆர்தர் டெண்டி 1905இல் வெளியிட்ட அறிக்கையோடும், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய பி. ஏ. தாமஸின் விவரணைகளோடும் ஒப்பிட வேண்டும். நூறு வருஷத்துக்கு மேலாகியும் டெண்டி மேசையை விட்டு இறங்கவில்லை.

எல்லாவற்றுக்கும் அமிலம் ஆகாது. சுண்ணாம்பு முள் கொண்ட கடற்பஞ்சு அதில் நுரைத்துக் காணாமல் போகும். கடல் விசிறியின் முட்களும் சுண்ணாம்பே. இரண்டுக்கும் பிளீச்சிங் திரவம்தான். கடல் விசிறி 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருப்பதால், வலையில் வந்தது என்று சொல்லி அனுமதியில்லாமல் எடுத்துப் போகவும் முடியாது.

ஆளைத் திணறடிப்பவை முள்ளே இல்லாத நார்க் கடற்பஞ்சுகள். இவற்றில் பல, நீரில் வரும் மணலை நாருக்குள் வைத்துக் கட்டிக்கொள்ளும். மணவாளக்குறிச்சிக் கரையில் இல்மனைட், கார்னெட், சிர்கான் எல்லாம் கலந்து கிடக்கின்றன. அந்தப் பக்கத்துத் துண்டைக் கரைத்தால் கருப்பும் சிவப்புமாக மணிகள் மிஞ்சினாலும் வியப்பதற்கில்லை. புதிதாக வருகிறவர் அவற்றையும் முள் கணக்கில் சேர்க்கப் பார்ப்பார். அதனால் முதலில் கத்தியால் மெல்லிய சீவல் எடுத்து நாரின் பின்னலைப் பார்த்துவிடுவார்கள். அமிலம் அதற்கப்புறம்.