செல்ஃப் எடுக்கலைன்னா உடனே பேட்டரியை மாத்தாதீங்க

சேத்துப்பட்டு பக்கம் ஒரு போகம் முடிஞ்சா அடுத்த உழவு வரைக்கும் நிறைய மினி டிராக்டர் கொட்டகையிலதான் நிக்குது. அப்புறம் சாவியைத் திருப்பினா வெறும் ‘டக் டக்’. பாதி நேரம் பேட்டரி சாகல, பட்டினி கிடக்குது.

1859ல பிரான்சுக்காரர் காஸ்தோன் பிளாந்தே கண்டுபிடிச்ச அதே ஈயமும் ஆசிடும்தான் இன்னைக்கும் உள்ளே இருக்கு. வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழிச்சு மல்டிமீட்டர் வைங்க. 12.6 வோல்ட் காட்டினா முழு சார்ஜ். 12.4க்குக் கீழே இறங்கினா சார்ஜ் போட்டுடுங்க. காலியா மாசக்கணக்குல கிடந்தா தகட்டுல சல்பேட் படிஞ்சு இறுகிடும், அப்புறம் சார்ஜே நிக்காது.

அவசர சார்ஜ் வேண்டாம். 50 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்கு 5 ஆம்பியர் போதும். ராத்திரி போட்டா காலையில ரெடி. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், பக்கத்துல பீடி பத்த வைக்காதீங்க.

மூடி திறக்கிற பேட்டரின்னா தகடு மூழ்குற அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊத்துங்க. போர் தண்ணியில இருக்கிற உப்பு தகட்டைக் கெடுத்துடும். டெர்மினல்ல பூத்த வெள்ளைப் பொடியை, ஆப்ப சோடா கலந்த வெந்நீர்ல பழைய டூத் பிரஷ்ஷை நனைச்சுத் தேய்ச்சுத் துடைங்க. காய்ஞ்சதும் வாசலின் தடவுங்க. ஒயரைக் கழட்டும்போது மைனஸ் முதல்ல, மாட்டும்போது மைனஸ் கடைசில.

வண்டி நிக்கிற மாசங்கள்ல மைனஸ் ஒயரைக் கழட்டி வைக்கிறவங்க இருக்கீங்களா? உங்க பேட்டரி எத்தனை வருஷம் உழைச்சுது?